கெட்டுப்போகாத டார்ச்

என் தம்பி குவைத்திலிருந்து அனுப்பிய டார்ச்சை எங்கள் நைனா உடைக்கப் பார்த்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் அப்போது சிரித்தவள்தான், சிரித்துக்கொண்டே அவரைத் திட்டியவளும்கூட.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் ஏரிக்கு இந்தப் பக்கம். வீட்டுக்கு வீடு செல்போன் வந்துவிட்ட காலம் அது. பாதி வீடுகளில் ஒருவர் குவைத்தில் இருந்தார், மீதி வீடுகளில் ஒருவர் குவைத் போவதற்காக ஏஜெண்ட் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். என் தம்பி அங்கே ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவராகப் போனான். போனவன் திரும்பி வரவேயில்லை. எங்கள் அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை. லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று போனில் சொன்னான். அதற்கு அப்புறம் நான் அவனோடு ரொம்ப நாள் பேசவில்லை. லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வரவேண்டியதுதானே, பெற்றவளை விட வேலை பெரிதா என்று எனக்கு ஆத்திரம்.

நான் அதே ஊரில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா போன பிறகு நைனாவுக்குச் சோறு என் வீட்டில்தான். வெள்ளிக்கிழமை தம்பிக்கு லீவு, அன்றைக்குப் போன் வரும். நைனா ஸ்பீக்கரில் போட்டு, போனை உள்ளங்கையில் விபூதித் தட்டு போலப் பிடித்துக்கொள்வார். "மழை பேஞ்சுதா?" என்பான் அவன். "இல்ல" என்பார் இவர். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் டார்ச்சைக் கொடுத்தனுப்பினான். நைனா மோட்டார் போட வயலுக்குப் போகிறவர், வரப்பில் பாம்பு நடமாட்டம் உண்டு, அதனால் என்று சொன்னான். உள்ளங்கை நீளம்தான் இருந்தது, கருப்பு நிறம், இரும்பு போலக் கனம். பொத்தானை ஒரு தட்டு தட்டினால் சின்ன வெளிச்சம், இன்னொரு தட்டுக்குப் பெரிய வெளிச்சம், அழுத்திப் பிடித்தால் ஆம்புலன்ஸ் மாதிரி விட்டுவிட்டு மின்னியது. உள்ளே போடுவதற்குத் தடியான செல் ஒன்று, அதற்குச் சார்ஜர். அந்த செல் கிடைக்காத இடத்தில் சின்ன பென்சில் செல் மூன்றைச் செருகிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் வேறு.

அந்த வெள்ளிக்கிழமை முதல்முறையாக அவர்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது. தண்ணீரில் போட்டாலும் எரியும், லாரி ஏறினாலும் எரியும், பத்து வருஷம் கேரண்டி என்று தம்பி கடைக்காரன் மாதிரி அடுக்கினான்.

"கெட்டுப்போனா இன்னா பண்றது?" என்று நைனா கேட்டார்.

"கெட்டே போவாது நைனா. அப்டி கெட்டுப்போச்சின்னா சொல்லு, நானே வந்து எடுத்துக்கினு போயி கடையில குடுத்து வேற வாங்கறேன்."

"நீயே வர்றியா?"

"நானே வர்றேன்."

வேறு யாராக இருந்தாலும் இதைப் பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருப்பார்கள். எங்கள் நைனா அப்படிப்பட்டவர் இல்லை. வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அது பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்ததற்குச் சமம் அவருக்கு. மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தவர், டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இது எப்ப கெடும்?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

"கெட்டுப்போச்சின்னு போன்ல சொல்லிடு நைனா, முடிஞ்சிது வேலை" என்றேன்.

"பொய் சொல்லியா புள்ளைய வரவைக்கறது?"

"அப்போ ஒரு கல்லை எடுத்துப் போடு."

"அது அடாவடி. உபயோகத்துல கெடணும்."

உபயோகத்தில் கெட வேண்டும் என்பதுதான் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்துக்குள் அவர் செய்த அட்டூழியங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் எருமை ஏரியில் இறங்கினால் பொழுது சாய்ந்தும் கரையேறாது. இருட்டில் அதைத் தேடுவதற்கு உதவும் என்று சொல்லி டார்ச்சை எரியவிட்டு அதன் கொம்பில் கட்டினார். எருமை சேற்றில் புரண்டது, முங்கியது, ஒரு வழியாகக் கரையேறி ஒற்றை ஹெட்லைட் போட்ட லாரி மாதிரி தெருவுக்குள் வந்தது. மற்ற வீட்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. டார்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் நெல் அவிக்கும் அண்டாவுக்குள் வெந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கை தவறி விழுந்துவிட்டதாம். அதைக் கரண்டியால் எடுத்தபோது ஆவி பறக்க எரிந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் அவர் கவனம் செல் பக்கம் திரும்பியது. டார்ச் நல்ல சாதியாக இருக்கலாம், அதற்குப் போடும் தீனி மட்டமாக இருந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது அவர் கணக்கு. திருப்பதிக்குப் போகவேண்டும் என்றார். தனியாக விட்டால் ஊர் சிரிக்குமே என்று நானும் கூடப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் முதல் கடையிலேயே நைனா டார்ச்சைத் திறந்து காட்டி, "பிரீன செடிபோயே செல்லு காவால" என்று தெலுங்கில் கேட்டார். சீக்கிரம் கெட்டுப்போகிற செல் வேண்டுமாம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"அந்த மாதிரி சரக்கு நம்ம கடையில வைக்கறதே இல்ல நைனா" என்று அவர் தமிழுக்கு மாறிச் சொன்னார்.

எந்தக் கடையிலும் இதே பதில். பார்த்தவுடனே போலி என்று தெரிகிற செல்லை வைத்திருந்தவர்கூட, ஆயுசுக்கும் உழைக்கும் என்று கோவிந்தன் மேல் ஆணையிட்டார். ஊரே கேரண்டி கொடுத்தது. கடைசியில் லேப்டாப் ரிப்பேர் கடையில் ஒருவர், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிளந்து அதற்குள்ளிருந்து இதே அளவு செல் இரண்டை எடுத்துக் கொடுத்தார். "பழசு. இதுக்கு கேரண்டி கெடையாது, எரிஞ்சா எரியும்" என்றார். நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊரில் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தப் பழைய செல்லில் டார்ச் முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

பிறகு பென்சில் செல் குழாயை எடுத்தார். இருப்பதிலேயே மட்டமான செல் மூன்றைப் போட்டு, மழைக்காலம் முழுக்கக் கழற்றாமல் பம்பு ஷெட்டில் மாட்டி வைத்தார். செல் ஒழுகி உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் இல்லை. என் வீட்டில் டார்ச்சைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், நடையில் ஒரு துள்ளல். விஷயம் தெரியாத என் வீட்டுக்காரர், மாமனாருக்கு உதவி செய்வதாக நினைத்து, பழைய பல் பிரஷ்ஷால் உள்ளே சுத்தமாகத் தேய்த்து, தடியான செல்லைப் போட்டு எரியவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். நைனா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஏன் என்று அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

இப்படியே அம்மன் கோயில் திருவிழா வந்தது. அதில் தபசு ஏறும் நாள் ஒன்று உண்டு. உயரமான பனைமரத்தை நட்டுப் படிக்கட்டை அடித்து வைத்திருப்பார்கள். கூத்துக்காரர் வேஷம் கட்டிக்கொண்டு, படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். மடியில் விழுந்தது சாமி கொடுத்தது.

கூத்துக்காரர் கீழே இறங்குவதற்குள் இருட்டிவிடும், வெளிச்சம் வேண்டும் என்று நைனா டார்ச்சைக் கொடுத்தார். அதை இடுப்பில் செருக விடாமல், "அலங்காரம் கலைஞ்சிடும், பையில போட்டுக்கோ" என்று எலுமிச்சம்பழப் பைக்குள் தன் கையாலேயே போட்டதை நான் பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் எந்தக் கம்பெனி டார்ச்சும் பிழைக்காது. சாமி காரியத்தில் உடைந்தால் அது உபயோகத்தில் கெட்டதுதானே?

உச்சியில் அருள் வந்த கூத்துக்காரர், பைக்குள் கை விட்டு அகப்பட்டதை எல்லாம் வீசினார். பழத்தோடு பழமாக டார்ச்சும் வந்தது. எங்கே கை பட்டதோ, ஆம்புலன்ஸ் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டே வந்து, கீழத்தெருப் பெண் ஒருத்தியின் மடியில் பொத்தென்று விழுந்தது. கல்யாணமாகி ரொம்ப வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள் அவள். மடியில் சாமி வெளிச்சமாக வந்து இறங்கியதைப் பார்த்து அப்படியே தரையில் சாய்ந்தாள். ஜனம் கோவிந்தா போட்டது.

நைனா முண்டியடித்துப் போய், "அது என்து" என்றார்.

"மடியில வுழுந்தத திருப்பிக் கேக்கறதா? உனுக்கு பைத்தியமா?" என்று கோயில் தர்மகர்த்தா அவரை ஓரம்கட்டினார். அந்தப் பெண் டார்ச்சை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி வழக்கம் போல, "டார்ச்சு எப்டி கீது நைனா?" என்றான். நைனாவால் கெட்டுப்போனது என்று சொல்ல முடியவில்லை, கையில் இல்லாததை நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. எருமையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ காலமாயிற்று.

"அத்த எதுக்கு நைனா கெடுக்கப் பாத்த?"

"கெட்டா வர்றேன்னு சொன்னியே."

சிரிப்பு நின்றது. போன் அறுந்துவிட்டதோ என்று நைனா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவன் பேசினான், மெதுவாக, இடையிடையே நிறுத்தி. டிரைவராகப் போன வீட்டில் அவனை அடித்திருக்கிறார்கள். போன கொஞ்ச நாளிலேயே ஓடிவந்துவிட்டானாம். பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரனிடம். ஓடிப்போனவன் என்று போலீசில் எழுதிக்கொடுத்திருக்கிறான். ஊருக்கு வர வேண்டும் என்றால் ஏர்போர்ட் போக வேண்டும், போனால் பிடிப்பார்கள், பிடித்தால் ஜெயில். ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஒளிந்து வேலை செய்கிறான். அம்மா செத்தபோதும் அதே ஷெட்டில்தான் இருந்தான்.

"உன்கிட்ட வர்றேன்னும் சொல்லணும், வரவும் முடியாது. அதான் கெட்டே போவாத டார்ச்சு எதுன்னு கேட்டு வாங்கினேன் நைனா."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இத்தனை நாளும் அவனைக் கல்நெஞ்சன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது.

நைனா அழவில்லை. மறுநாள் விடிந்ததும் கீழத்தெருப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டார். டார்ச் சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க வந்தார் என்று அவள் சண்டைக்குத் தயாரானாள். இவரோ, "செல்லுல சார்ஜ் எவ்ளோ கீது? ஈரம் படுதா? கற்பூரம் பக்கத்துல வெக்காத" என்று கேட்டுக்கொண்டு, தன் துண்டால் கண்ணாடியில் ஒட்டிய குங்குமத்தைத் துடைத்தார்.

"வர வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போச்சு, இன்னாத்துக்கு இந்தப் பாடு?" என்றேன்.

"நான் வேணாம்னா அவன் சொன்ன சொல்லு இல்லன்னு ஆயிடுமா? டார்ச்சு கெட்டா அவன் வந்துதான் ஆவணும். வந்தா போலீஸ்காரன் புடிச்சுக்குவான். அதனால கெடக்கூடாது."

திருப்பதிக்கு மறுபடியும் போனோம். அதே சந்து, அதே கடைகள். இந்த முறை கெட்டுப்போகாத செல் வேண்டும் என்று கேட்டார். எல்லாமே அப்படித்தான் என்றார்கள். அவர் ஒருத்தரையும் நம்பவில்லை. லேப்டாப் கடைக்காரரிடம் போய், நீங்களாவது ஒரு கேரண்டி சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாக நின்றார். அந்த மனிதர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் ஊர்க்காரப் பையன் ஒருவன் மெட்ராஸில் தேடி ஒரிஜினல் செல் இரண்டு வாங்கி அனுப்பினான்.

கீழத்தெருப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தூங்குகிறதே என்று அவள் அதட்டினாலும், நைனா வெள்ளிக்கிழமை தவறாமல் போய், கதவு மூலையில் திரும்பி நின்று, டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு வருவார். அதன் பிறகுதான் போனுக்குப் பக்கத்தில் உட்காருவார்.

"டார்ச்சு எப்டி கீது நைனா?"

"நல்லா எரியுது. நீ ஒண்ணும் வர வேணாம்."