வறுத்த பரங்கி விதை

எங்கள் தெருவில் பரங்கிக்காய் வெட்டத் தகுதியுள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் என் அப்பா. மற்ற வீட்டு ஆண்கள் எல்லாம் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். முழுப் பரங்கிக்காயில் பெண்கள் முதல் வெட்டுப் போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண் கை பட்டு இரண்டாகப் பிளந்துவிட்டால் போதும், அதன் பிறகு பெண்கள் எத்தனை துண்டு வேண்டுமானாலும் போடலாம், குழம்பு வைக்கலாம், பாத்திரமும் கழுவலாம். அதற்கெல்லாம் யாரும் தடை சொல்லிவைக்கவில்லை.

ரிஷிவந்தியத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. தெரு முழுக்கக் கூலி வேலைக்காரர்கள். தை மாதம் நெருங்கினால் கூரைகளின் மேல் பரங்கிக்காய்கள் மஞ்சள் தட்டி உட்கார்ந்திருக்கும். பெண்கள் அவற்றைப் பறித்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். அப்பா உடனே வெட்டிவிட மாட்டார். தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், நாடி பிடிக்கும் வைத்தியர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். பிறகுதான் கத்தி இறங்கும். இதற்கு அவர் காசு வாங்குவதில்லை. விதையை மட்டும் வழித்து எடுத்துக்கொள்வார். ஒரு கை விதைக்கு இவ்வளவு அலட்டலா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

காலையில் வேலைக்குக் கிளப்புவதற்குள் அம்மாவின் உயிரை வாங்கிவிடும் மனிதர், விதை விஷயத்தில் மட்டும் சோம்பேறி இல்லை. நாரிலிருந்து பிரித்து, தண்ணீர் மாற்றி மாற்றி வழவழப்புப் போக அலசி, முறத்தில் பரப்பிக் காயவைப்பதெல்லாம் யாரும் சொல்லாமலே நடக்கும். உப்புத் தண்ணீரில் புரட்டி மறுபடியும் ஒரு வெயில். அப்புறம் மண்சட்டியில் சின்னத் தீயில் விடாமல் கிளறி வறுப்பார். முதலில் சத்தமே இருக்காது. திடீரென்று ஒன்று படக்கென்று வெடிக்கும். உடனே என்னை வாயைத் திறக்கச் சொல்வார். முன்பல்லால் ஓட்டின் ஓரத்தைக் கடித்து, உள்ளே இருக்கும் பச்சைப் பருப்பை முழுசாக எடுத்து என் நாக்கில் வைப்பார். நானே கடித்தால் ஓடும் பருப்பும் ஒன்றாக நசுங்கி, கடைசியில் உப்பு மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் வீட்டுக் கூரையில் காய்த்ததில் மட்டும் அம்மா தன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டாள். நன்றாக முற்றிய காயிலிருந்து தடித்த விதைகளாகப் பொறுக்கிச் சாணியில் பதித்து, வறட்டி தட்டுவதுபோல் பின்பக்கச் சுவரில் அப்பிவிடுவாள். ஆடி மாதம் விதைக்கும் வரை அது அங்கேயே காய்ந்து கிடக்கும். பூச்சி தொடாது, எலி தொடாது. அப்பா தொடுவார். வறட்டியைச் சுரண்டி விதையைத் திருடும்போது ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"ஏன்யா, வெதையத் தின்னுட்டா ஆடிக்கு இன்னாத்தப் போடுறது?" என்றாள் அம்மா.

"வறுத்ததையே போடு. வறுத்த வெதையப் போட்டா, காய்க்கிற காயில வெதை வறுத்தே இருக்கும். உனுக்கு வெறகு மிச்சம்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையிலிருந்த சாணியை அவர்மேல் எறிந்தாள். நான் சிரிக்கவில்லை. அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன். பெரிய வகுப்புக்குப் போகாத பிள்ளைக்கு அதில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? வெட்டியதும் உப்பும் சூடுமாக விதைகள் கொட்டும் ஒரு காயை நினைத்துக்கொண்டே பல நாள் தூங்கியிருக்கிறேன்.

அடுத்த வருடம் எங்கள் ஊருக்கு நெல் அறுக்கும் மிஷின் வந்தது. பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்பதுதான் அதுவரை அப்பா வெளியூர் போகாததற்குக் காரணம். அறுப்பு வேலை போனதும் வாந்தியும் போய்விட்டது போலிருக்கிறது. ஆள் சேர்க்க வந்த ஒரு மேஸ்திரியிடம் அவரும் பெயர் கொடுத்தார். கொடி கூரையை மூடிப் படர்ந்து, இலைக்கு இலை பிஞ்சு விட்டிருந்த கார்த்திகை மாதம் அது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"பொங்கலுக்கு வந்துடுறேன். காயெல்லாம் அப்பிடியே கெடக்கட்டும், வேற யார் கையிலயும் குடுத்துடாத. நான் வந்துதான் வெட்டுவேன்" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் குனிந்து, விதை மொத்தமும் எனக்குத்தான் என்றார்.

பக்கத்து வீட்டு அத்தையின் செல்போனுக்கு அவ்வப்போது அப்பாவின் அழைப்பு வரும். நான் போனைப் பிடுங்கி, எந்தக் காய் எவ்வளவு பெரிசு என்று கைகளை விரித்துக் காட்டுவேன். அவருக்கு அது தெரியாது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மார்கழியில் காய்கள் முற்றின. அம்மா ஒவ்வொன்றாகப் பறித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி வரிசையாக வைத்தாள். தெருப் பெண்கள் தங்கள் காய்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

பொங்கல் வந்தது. அப்பா வரவில்லை. பொங்கலன்று பரங்கிக்காய்க் குழம்பு வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. கட்டிலுக்கு அடியில் அத்தனை காய் கிடக்க, அம்மா பக்கத்து வீட்டில் ஒரு கீற்று வாங்கிவந்து குழம்பு வைத்தாள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மகன் சின்னப் பையன்தான், ஆனாலும் ஆண்பிள்ளை, கத்தியை அவன் கையில் கொடுத்து அழுத்தினால் வழக்கத்துக்குச் சரியாகிவிடும் என்றாள். வூட்டுக்காரர் வரட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதன் பிறகு போனும் வரவில்லை. நான் தினமும் கட்டிலுக்கு அடியில் புகுந்து காய்களின் தூசியைத் துடைத்து வைத்தேன்.

மாசி மாதத்தில், களமருதூரில் இருந்த சித்தப்பா பெங்களூருக்குப் போய்த் தன் அண்ணனைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீர்ச் செம்பைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைச் சர்க்கரை வாங்கக் கடைக்கு அனுப்பினாள். கூட வேலை பார்த்த ஒரு பெண்ணோடு அப்பா அங்கே குடித்தனம் வைத்துவிட்டார், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று தம்பியிடமே சொல்லியனுப்பிவிட்டார். இதை நான் தெரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. அன்று கடையிலிருந்து திரும்பியபோது காதில் விழுந்தது கடைசிப் பேச்சு மட்டும்தான்.

"அண்ணி, காயெல்லாம் கெடந்து அழுவிப்போயிடும். குடுங்க, நான் வெட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

"வேணாம் தம்பி. நானே வெட்டிக்கிறேன்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே செருப்பைத் தேடினார். சர்க்கரை வந்தும் யாரும் டீ போடவில்லை.

அவர் போனதும் அம்மா காய்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு உருட்டிவந்தாள். எல்லோரும் பார்க்க, பட்டப்பகலில், நடு வாசலில் உட்கார்ந்து அரிவாளை எடுத்தாள். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவள் பிடியை விட்டுவிட்டாள். முதல் காய் பிளந்தது. அப்புறம் அடுத்தது. தட்டவும் இல்லை, காதை வைத்துக் கேட்கவும் இல்லை. கடைசிக் காய் வரை நிறுத்தவில்லை. பாதிப் பாதியாகத் தெரு முழுக்கக் கொடுத்தனுப்பினாள். சிலர் வாங்கத் தயங்கினார்கள். என் அம்மா அப்பாவைப்போலவே ஒரே வெட்டில் பிளக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் நின்று எண்ணெய் வழியும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன்.

விதை அண்டா நிறைய இருந்தது. அம்மா அதில் ஒன்றைக்கூடப் பொறுக்கிச் சாணியில் வைக்கவில்லை. மாறாக, போன ஆடியில் போட்டதுபோக மிச்சமிருந்த வறட்டியையும் சுவரிலிருந்து பெயர்த்து, உடைத்து, அந்த விதையையும் கழுவி இதனோடு சேர்த்தாள். எல்லாவற்றையும் காயவைத்து, மறுநாள் மண்சட்டியில் கொட்டினாள். அவளுக்கு வறுக்கத் தெரியவில்லை. தீ அதிகம். அடியில் இருந்தவை கருகின, மேலே இருந்தவை வேகவில்லை. கிளறிக்கொண்டே அழுதாள். விதை கருகிவிட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்குது" என்று ஒன்றைக் கடித்துக் காட்டினேன்.

அவள் அழுகை அதிகமாகிவிட்டது. ஆடிக்கு விதை வேண்டாமா என்று கேட்டேன். நாம் இங்கே இருந்தால்தானே என்றாள். அப்பாவிடம் பெங்களூருக்குப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. அப்படிப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று, கருகாத விதைகளாகப் பார்த்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டு ஒளித்து வைத்துக்கொண்டேன்.

போனது கள்ளக்குறிச்சிக்கு. அப்போது அது மாவட்டம் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், இதுதான் பெங்களூரா என்று கேட்டேன். அம்மா மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுக்கு ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்திருந்தது. ஆலைக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் குடியேறினோம். தவிட்டுத் தூசி தலையில் படிய அம்மா சாயங்காலம் வருவாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், அவருக்கு வேலை ஜாஸ்தி என்பாள்.

ஆடி மாதம் வந்ததும் டப்பாவைத் திறந்தேன். குழாயடியில் கிடந்த உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் மண் அள்ளிப் போட்டு, வறுத்த விதைகளைப் புதைத்து வைத்தேன். வேலை முடிந்து வந்த அம்மாவை இழுத்துவந்து காட்டினேன். வறுத்த விதை போட்டால் வறுத்த விதையே காய்க்கும் என்று அப்பா சொன்னதை நினைவுபடுத்தினேன். திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா குனிந்து பக்கெட் மண்ணை விரலால் சமப்படுத்தினாள். மறுநாள் காலை அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றினாள்.

நாட்கள் போயின. மண் அப்படியே கிடந்தது. வறுத்தது எங்கேயாவது முளைக்குமா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். எங்கப்பா சொன்னார் என்று ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினேன். அந்த வாரம் அம்மா மார்க்கெட்டிலிருந்து ஒரு கீற்றுப் பரங்கிக்காய் வாங்கிவந்தாள். ஊரைவிட்டு வந்தபின் அன்றுதான் எங்கள் வீட்டில் பரங்கிக் குழம்பு. விதையைக் கேட்டேன். இந்தக் கீற்றில் விதை இல்லை என்றாள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் பக்கெட்டில் மண் வெடித்திருந்தது. தடித்த இரண்டு இலைகள், ஒன்றின் நுனியில் விதை ஓடு தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் வரிசை வீடுகள் எல்லாம் எழுந்துவிட்டன. கேலி செய்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துவந்து காட்டினேன்.

வறுத்த விதைக்குள் உயிர் இருக்காது என்பதைப் பெரிய வகுப்பில் பாடமாகப் படித்தேன். அன்று சாயங்காலம் அம்மா சோறு போடும்போது அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னாடி அப்படிப் பார்க்கிற என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இருந்த விதையை எல்லாம் தீயில் கொட்டியவள், அவர் விளையாட்டுக்குச் சொன்ன ஒரு பொய்க்காக மறுபடி விதை தேடிப் பக்கெட்டில் புதைத்திருக்கிறாள். என் அப்பா எனக்கு அவ்வளவு சீக்கிரம் பொய்யாகிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

ஆனால் செடி முளைத்த அந்தக் காலையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா ஆலைக்குக் கிளம்பி, சோற்றுத் தூக்கோடு பக்கெட்டின் அருகில் வந்து நின்றாள்.

"பாத்தியாம்மா, அப்பா சொன்னது நெசந்தான்."

"ஆமா."

"அப்ப வந்துடுறேன்னு சொன்னதும் நெசந்தான?"

அம்மா தூக்கைக் கீழே வைத்தாள். அவள் கை செடியின் அடிவரை போய், அதைப் பிடித்து, அப்படியே நின்றது. பிடுங்கப்போகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையை எடுத்து, பக்கத்தில் கிடந்த ஒரு குச்சியைச் செடியை ஒட்டி ஊன்றினாள். காய் வந்ததும் யாரும் வெட்டக் கூடாது, அப்பா வந்துதான் வெட்டவேண்டும் என்று சொல்லிவைத்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஆலைச் சங்கு ஊதியும் போகாமல், ஒரு சாண்கூட உயராத அந்தச் செடிக்கு நேராக நிற்கிறதா என்று குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி ஊன்றிக்கொண்டிருந்தாள்.