அறுந்துபோகாத கம்பி

புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய மறு வருஷம், டிசம்பரில், முத்தியால்பேட்டையில் மாமியார் வீட்டில் தலைப்பிள்ளையைப் பெற்றேன். எனக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் அங்கேயே. பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது என்று அறையின் ஒரே சன்னலையும் சாத்தி, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்துவிட்டார்கள். காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை. மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கும்வரை படி தாண்டக் கூடாது. மாமனார் எதிரில் நின்று பேசுவதோ எப்போதுமே கூடாது.

அவருக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்றால் உயிர். தெருவே வந்து பார்க்க வேண்டும். அந்த வருஷம் கூடத்துக் குடிலுக்குச் சரம் சரமாகப் பல்பு. என் அறைச் சுவரில் ஆணியடித்த நீள மரப்பட்டைக்குள் ஓடிய ஒயரிலிருந்து அவரே ஒரு கிளை எடுத்தார். முறுக்கினார், வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினார், முடிந்தது வேலை. சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. மறுபடி கட்டினார், மறுபடி போனது. கடைசியில் தடித்த செம்புக் கம்பி ஒன்றைக் கட்டிவிட்டு, "இனிமே எப்படி அறுந்துபோவுதுன்னு பாக்கறேன்" என்று மாமியாரிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. கோளாறு வந்தால் அறுந்துபோகத்தான் அங்கே மெல்லிய கம்பி. மனுஷர் அறுவதையே கோளாறு என்று நினைத்துவிட்டார்.

மறுநாளே துணி கருகும் நாற்றம். மாமியாரிடம் சொன்னேன்.

"சாம்பிராணிதாம்மா. பேசாம படு."

பட்டையைத் தொட்டேன், சுட்டது. அதன் அடியில்தான் தொட்டில். தள்ளிக் கட்டலாம் என்றால் அறையில் வேறு இடமே இல்லை.

"மாமாகிட்டச் சொல்லுங்க அத்தை."

"பண்டிகை நேரத்துல அவருகிட்ட யாரு வாயக் குடுக்கறது?" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அழத்தான் முடிந்தது.

கிறிஸ்துமஸ் மாலை கூடம் நிறைய ஜனம், பாட்டு. விளக்குகளைப் போட்ட சற்று நேரத்தில் பட்டை இடுக்கிலிருந்து புகை வந்தது. பிறகு சின்னதாக நெருப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அவிழ்ந்த தலையோடு அத்தனை பேர் நடுவில் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். வீடு இருண்டது.

"மாமா, என் ரூம்ல நெருப்பு" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

பாட்டுக் கூட்டத்திலிருந்த என் கணவர் ஓடி வந்து பட்டையைப் பெயர்த்து, குடிலுக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி வந்து அணைத்தார். கருகிய சுவரை மாமனார் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போய், "புள்ள பெத்த உடம்பு. ஜன்னி கண்டிருக்கு, பாவம்" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நெருப்புப் பட்ட இடத்தைக் கண்ணால் பார்த்த மனுஷர் அல்லவா அப்படிச் சொன்னார். என்னை அறைக்குள் அனுப்பி, ஜன்னிக்காரி மறுபடி ஓடி வராமலிருக்க வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

சற்றைக்கெல்லாம் கதவிடுக்கில் மறுபடி வெளிச்சம். கணவர் வெளியே நின்று சொன்னார்: "உன்ன உள்ள அனுப்பறதுக்கு முன்னயே வெந்த ஒயர வெட்டிட்டு வேற போட்டுட்டேன். பயப்படாத."

"ஃபியூஸ்ல என்ன கம்பி?"

"அப்பா கட்டனதுதான். எடுக்க உட மாட்டேங்கறாரு."

"அப்ப தாழ்ப்பாளயாவது எடுத்துடுங்க."

அவர் காலடி கூடத்துப் பக்கம் போனது. அங்கே அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள்.