எந்தப் புதுப்பட்டி?

ஏறி வந்தவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவள் தலையிலிருந்த மூட்டை ராக்கப்பனின் தலைக்கு மாறிவிடுகிறது. “வா தாயி, வா. எந்த ஊரு? நில்லு, நீ சொல்லாத. மொகத்தப் பாத்தாலே தெரியுதே, புதுப்பட்டி மொகம்.” அவள் ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, மூட்டை நடக்க ஆரம்பித்துவிடும். மூட்டைக்குச் சொந்தக்காரி பின்னால் ஓடவேண்டியதுதான்.

போடியிலிருந்து வரும் கழுதைப்பாதை எங்கள் தேயிலை எஸ்டேட்டின் எல்லையைத் தொடுகிற வளைவில் மிக்கேல்ராஜின் காப்பிக்கடை இருக்கிறது. டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்து வருகிறேன். சம்பளமில்லாமல், ஒருவரும் கேட்காமல், ஊரார் சொந்தபந்தத்தைச் சேர்த்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர் வேறு எந்த மலையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் அந்த மலைக்காரர்களுக்கு என் அனுதாபம்.

மற்ற ஆறு நாளும் ராக்கப்பன் பாக்டரியில் விறகு அடுக்குகிறார். அதை ஒழுங்காகச் செய்கிறார் என்றுதான் சொல்லவேண்டும். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒட்டிய கன்னம், பெரிய காது, எப்போதும் ஈரமாகவே இருக்கும் கண். தோளில் இரண்டு துண்டு போட்டிருப்பார். ஒன்று வியர்வைக்கு. இன்னொன்று, கரை போட்டது, வெளுத்தது, அழுவதற்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை உதறி மடித்துப் போட்டுக்கொண்டு வளைவில் வந்து நிற்கும் தோரணையைப் பார்த்தால் ஏதோ பெரிய உத்தியோகத்துக்கு வந்தவர் என்றே நினைக்கத் தோன்றும்.

மூட்டையோடு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் போய் நின்று, “ஏ, ரெண்டாம் லைன், எல்லாரும் வெளிய வாங்க, ஆளு வந்திருக்கு” என்று குரல் கொடுப்பார். வந்தது யார், யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் அவரே சொல்லிவிடுவார். கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் கட்டிக்கொள்வதற்குள் இவர் அழ ஆரம்பித்துவிடுவார். அக்காளும் தங்கையும் பத்து வருஷம் கழித்துச் சந்தித்துக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும் வேளையில், நடுவில் ஒரு ஆள் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? அவரைத் தேற்றுவதற்காகவாவது அழவேண்டி வரும்.

அழுவதிலும் இவர் வைத்ததுதான் சட்டம். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மலையில் இருப்பவர்களைப் பல வருஷம் கழித்துப் பார்த்தால், இடையில் செத்துப்போனவர்களுக்காக முதலில் துட்டி கேட்டு ஒருபாட்டம் அழுதுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் சிரிப்பது, குசலம் விசாரிப்பது எல்லாம். இந்த வரிசை தப்பினால் ராக்கப்பனுக்குப் பொறுக்காது. “மொதல்ல செத்தவுகளுக்கு அழுங்க தாயி. இருக்கவுக எங்க போயிரப் போறாக.” ஒரு தடவை இரண்டு பெண்களை அவர்களுடைய சித்தப்பனுக்காக அரைமணி நேரம் அழவைத்தார். சித்தப்பன் பின்னால் வந்த கழுதையிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டு வந்து, செத்தது யார் என்று அவரும் துக்கத்தோடு விசாரித்தார்.

இதற்கெல்லாம் காரணம் புதுப்பட்டி. மதுரை ஜில்லாவில் எத்தனை புதுப்பட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் இன்னும் பல இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் லைன்களில் பாதிப் பேருக்கு ஊர் புதுப்பட்டி. அதனால் யாராவது புதுப்பட்டி என்று சொன்னால் அடுத்த கேள்வி “எந்தப் புதுப்பட்டி?” என்பதுதான். ஆபீசில் பேர் பதிகிற ரைட்டர் கேட்பார், கங்காணி கேட்பார், மருந்து கொடுக்கும்போது நானும் கேட்பேன். கேட்காத ஒரே மனிதர் ராக்கப்பன். ஏனய்யா கேட்பதில்லை என்று ஒருநாள் நான் சண்டைக்கே போனேன். “அது என்ன கேள்வி, கம்பவுண்டரய்யா? எந்தப் புதுப்பட்டின்னு கேட்டா ஒறவு அத்துப்போயிரும். கேக்காம விட்டா எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு” என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராமுத்தாய் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் லைனில் கொழுந்து பறிக்கிறவள். தொண்ணூற்றொன்பது என்று மலையாளக் கணக்கில் எல்லோரும் சொல்லும் வெள்ள வருஷத்தில், மூணாறுப் பக்கம் வேலைக்குப் போயிருந்த அவளுடைய தம்பி சுடலை திரும்பி வரவே இல்லை. பிரேதமும் கிடைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதையில் ஏறி வந்த வாட்டசாட்டமான ஒரு ஆளை ராக்கப்பன் மடக்கினார். ஊர் புதுப்பட்டி. பேர் சுடலை. வெள்ளத்தில் அக்காளைப் பறிகொடுத்தவன். போதாதா? ராமுத்தாயும் அவனும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அன்று லைனில் அடுப்பே எரியவில்லை. மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் ராமுத்தாய் தன் தாயார் மாடத்தியைப் பற்றி எதையோ சொல்ல, “எந்த மாடத்தி? எங்காத்தா பேரு இசக்கியாச்சே” என்று அவன் விழிக்க, குட்டு வெளிப்பட்டது. இவள் புதுப்பட்டி உத்தமபாளையம் பக்கம். அவன் புதுப்பட்டி தென்காசிக்கும் தெற்கே.

வேறு ஆளாக இருந்தால் வெட்கித் தலைகுனிந்திருப்பான். ராக்கப்பனோ, “அதனால என்ன? அக்காவத் தொலைச்சவன் அவன், தம்பியத் தொலைச்சவ இவ. கணக்குச் சரியாப் போச்சுல்ல?” என்றார். ராமுத்தாய் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு, “அழுத அழுகையத் திருப்பி வாங்கிக்கிற முடியுமா? தம்பியா இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டாள். அவள் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமனாகச் சுடலைதான் மடியில் வைத்துக்கொண்டான். அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யத் தெரியாமல் அவன் முழித்ததையும், அதைப் பார்த்து ராமுத்தாய் வயிறு வலிக்கச் சிரித்ததையும் நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெண் சிரித்து இந்த மலையில் நான் கண்டதில்லை. அன்று எனக்குக் கேலி வரவில்லை. என்னைத் தேடி யாரும் மலையேறி வரப்போவதில்லை என்ற நினைப்புத்தான் வந்தது. அதற்கும் சேர்த்து ராக்கப்பன்மேல் எரிச்சல் பட்டேன்.

ஒவ்வொரு கூத்தும் முடிந்த பிறகு, துண்டைப் பிழியாத குறையாக மடித்துக்கொண்டு அவர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. “எனக்குத்தான் ஒருத்தரும் இல்ல. உங்களுக்காச்சும் இருக்கட்டும்.” பதினெட்டு வருஷத்துக்கு முன் அவர் தனியாக இங்கே வந்தபோது, கங்காணி வழக்கம்போல் பெண்சாதியை எங்கே என்று கேட்டாராம். கொழுந்துக்குப் பெண்கை வேண்டும். கல்யாணமானவன் தனியாக வந்தால், போய்க் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். “வாந்திபேதியில போயிட்டாய்யா, வயித்துப் பிள்ளையோட” என்றாராம் ராக்கப்பன். லைன் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சின்னத்தாய் என்ற, முகம் தெரியாத அந்தப் பெண்சாதிக்காக மாரடித்து அழுதார்கள். ஒரு மாதம் வரைக்கும் வீட்டுக்கு ஒரு வேளை என்று அவருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அன்றிலிருந்துதான் இவருக்கு இந்த மவுசு. எல்லாம் இழந்தவர் அழும்போது யார் தடுக்க முடியும்?

போன ஞாயிறு, மார்கழிக் குளிரில், இரண்டு பெண்கள் பாதையில் ஏறி வந்தார்கள். பெரியவளுக்கு நாற்பது இருக்கலாம், தலையில் மூட்டை. பின்னால் வந்தவளுக்குப் பதினேழு பதினெட்டு. கடையில் நானும், ராமுத்தாயும், சுடலையும் இருந்தோம். ராக்கப்பன் பாதிக் காப்பியை வைத்துவிட்டு ஓடினார். மூட்டையை, அதற்கு அடியில் சுருட்டி வைத்திருந்த துணிச் சும்மாட்டோடு தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். “வா தாயி, வா. எந்த ஊரு? நீ சொல்லாத. புதுப்பட்டிதான?”

“புதுப்பட்டிதான்” என்றாள் அவள்.

ராக்கப்பன் நின்றார். திரும்பினார். மூட்டை சாயாமல் கழுத்தை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஒட்டிய கன்னம், பெரிய காது.

“எந்தப் புதுப்பட்டி?” என்றார்.

பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மிக்கேல்ராஜ் காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“தீவாளிக்கு வந்துருவேன்னு நீ சொல்லிட்டுப் போன புதுப்பட்டி” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “ஒறவு அத்தவுகளச் சேத்து வைக்கிற ராக்கப்பன் மலையில இருக்காகன்னு போடிச் சந்தையில பெருமையாப் பேசிக்கிட்டாக. நம்மாளா இருக்குமோன்னு ஏறி வந்தேன். நான் சண்டைக்கு வரல. இவ ஒன் மக. தை கடைசியில கலியாணம். அப்பன் எங்கன்னு மாப்பிள்ள வீட்டுல கேக்காக. மணையில ஒக்காந்து தாரை வாத்துக் குடுத்துட்டு, மறுநாளே நீ மலைக்கு ஏறிக்க.” கழுத்துக் கயிற்றைத் தொட்டாள். “இது இன்னும் கெடக்கு. பொட்டு வச்சாலும் ஒரு பேச்சு, வைக்காட்டியும் ஒரு பேச்சு. நீ உசுரோட இருக்கேன்னு ஒரு நாளு ஊருக்குக் காட்டிட்டாப் போதும்.”

ராமுத்தாய் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று மேலும் கீழும் பார்த்தாள். “நீ சின்னத்தாயா? நான் ஒனக்கு மாரடிச்சு அழுதிருக்கேன் தாயி” என்றாள்.

ராக்கப்பனுக்கு இப்போது ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும், சம்பந்தமே இல்லாதவர்களுக்குக்கூட, அவர் வாரி இறைத்த ‘சொந்தம்’ என்ற வார்த்தை. அவர் ராமுத்தாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் எதிரில் பதினெட்டு வருஷத்துப் பொய் அம்மணமாக நின்றதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். மூட்டையை மெதுவாகத் தலையிலிருந்து இறக்கி, அவள் காலடியில் வைத்தார்.

“ஆளு மாறிப்போச்சு தாயி. புதுப்பட்டி நெறைய இருக்கு.”

எனக்கு வந்த கோபத்தில் காப்பி டம்ளரை அவர்மேல் எறிந்திருப்பேன். அந்தப் பெண் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சின்னத்தாய் அழவில்லை. ஏறி வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வளைவு என்று அவளுக்குத் தெரியும்.

சுடலை பெஞ்சிலிருந்து எழுந்தான். போய் மூட்டையைத் தூக்கி வெறும் தலையில் வைத்துக்கொண்டான். “எக்கா, நானும் புதுப்பட்டிதான். வாங்க, வந்து ஒரு வாய்க் கஞ்சி குடிங்க. அப்பன் வராட்டி என்ன, மணையில தாய்மாமன் ஒக்காரக் கூடாதா?”

“நீங்க எந்தப் புதுப்பட்டி?” என்று அந்தப் பெண் தயங்கிக்கொண்டு கேட்டாள்.

“அதெல்லாம் இங்க கேக்க மாட்டோம் தாயி” என்று ராமுத்தாய் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். சின்னத்தாய் கொஞ்ச நேரம் நின்றாள். அவரிடமிருந்து இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாள் போலும். பிறகு அவளும் போனாள்.

ராக்கப்பன் வளைவிலேயே நின்றார். தோளில் அழுகைத் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. மூட்டையை இறக்கியும் சும்மாடு அவர் தலையிலேயே தங்கிவிட்டது அவருக்கே தெரியவில்லை. வெகுநேரம் கழித்துக் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்து, எடுத்துப் பிரித்தார். பழைய சிவப்புச் சேலைக் கிழிசல். மேலே நால்வரும் லைன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழிசலை மறுபடி வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மேலே ஏதோ பாரம் இருப்பதுபோல ஒரு கையால் பிடித்தபடி, அவர் அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.