கொயோட்டி சுட ஒரு ஸ்கோப்

என் தம்பி கனடாவில் ஆடு வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரு கோழியைக்கூடத் துரத்திப் பிடிக்கத் தெரியாதவன் அவன். ஆனால் சொன்னபடியே அல்பேர்ட்டாவில் நிலம் எடுத்து, வேலி அடைத்து, ஆடுகளையும் கொண்டுவந்து விட்டான். அந்தக் குளிர்காலமே கொயோட்டி வந்துவிட்டது. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. குட்டிகளாகப் பார்த்துத் தூக்கும். தம்பி முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு துவக்கு வாங்கினான். துவக்குக்கு மேலே பூட்டுகிற ஸ்கோப்பில் எது நல்லது என்று அவனுக்கு விளங்கவில்லை. கடைப் படங்களை எல்லாம் வைபரில் எனக்கு அனுப்பத் தொடங்கினான்.

எனக்கு ஸ்கோப்பைப் பற்றி என்ன தெரியும்? நான் பாரிசில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு பியூட்டி பார்லரில் நூலால் புருவம் எடுக்கிறவள். அதைச் சொன்னேன்.

"அப்ப அத்தானைக் கேள் அக்கா. வன்னியிலை இருந்தவர்தானே, தெரிஞ்சிருக்கும்."

அத்தான் என்று அவன் சொன்னது என் புருசனை. அவர் சண்டை முடிந்த பிறகு பாரிசுக்கு வந்தவர். அகதிக் கேஸில் அவர் கொடுத்திருந்தது இதுதான்: கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், இயக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை, கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு பட்டு வலது புருவத்தில் காயம். கலியாணம் பேசும்போது எனக்கும் அதையேதான் சொன்னார். முதல் தடவை கேஸை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு மொந்த்ரேயில் அகதி நீதிமன்றத்தில் கிடந்தது. அதுவும் போனால் திருப்பி அனுப்பலாம். கொழும்பில் விமானத்தால் இறங்குகிற வன்னிக்காரருக்கு என்ன நடக்கும் என்று லா சப்பலில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அதனால் எங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லே கிடையாது. மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் அறைச் சுவர் அப்படி. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும், அவர்களும் எங்கள் ஆட்கள். கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது யாராவது "வன்னியிலை எவடம்?" என்று கேட்டால் அவர் சைக்கிள் கடையைச் சொல்லுவார். அதற்குமேல் கேட்கமாட்டார்கள். அது எங்கள் தெருவின் மரியாதை. கனடாவில் இருக்கிற என் தம்பிக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

"டேய், உந்தச் சாமான்களைப் பற்றி வைபரிலை எழுதாதை."

"அக்கா, இஞ்சை தூண்டில் விக்கிற கடையிலைதான் இதும் விக்குது. சும்மா பயப்பிடாதை."

பயப்படாமல் இருக்க அவனுக்கு என்ன குறை? அவன் கனடா சிற்றிசன்.

கடைசியில் அவனே ஒன்றைத் தெரிவு செய்தான். இருக்கிறதிலேயே அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டுவது. அடுத்த ஞாயிறு பின்னேரம் வீடியோவில் வந்தான். நெற்றியில் பிளாஸ்டர்.

"என்னடா அது?"

"ஸ்கோப் அடிச்சுப்போட்டுது அக்கா. வெடி வைக்கேக்கை துவக்குப் பின்னுக்கு உதையும். நான் கண்ணைக் கிட்டக் கொண்டுபோட்டன். அதின்ரை விளிம்பு வெட்டிப்போட்டுது."

பிளாஸ்டரை உரித்துக் காட்டினான். புருவத்துக்குமேல் பிறை மாதிரி ஒரு வெட்டு.

காலையிலிருந்து மாலைவரை நான் பார்ப்பது புருவம்தான். கொப்புளிப்பான் தழும்பு எது, சின்ன வயதில் படியில் விழுந்த தழும்பு எது, புருசன் அடித்த தழும்பு எது என்று கேட்காமலே சொல்லுவேன். இரும்புத் துண்டு பட்டால் தசை கண்டபடி கிழியும். இது கிழியவில்லை. ஒரு தம்ளர் விளிம்பை வைத்து அழுத்தியதுபோல் வளைந்திருந்தது. அந்த வளைவை நான் தினமும் விடிய எழும்பும்போது பக்கத்துத் தலையணையில் பார்க்கிறேன்.

அவர் மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாலு விரல் தள்ளிக் கண்ணை வைக்கச் சொல்லும்," என்றார். எழுந்து போய் நெடுநேரம் கை கழுவினார்.

கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிறகு பிடித்தது. பிரான்சில் வேட்டைக்குப் போகிற ஆட்கள் நிறையப் பேர். நீதிபதியும் ஒரு வேட்டைக்காரராக இருந்தால்? என் தம்பிக்கு விழுந்த வெட்டை அவர் யாரிலாவது பார்த்திருப்பார்தானே? மெத்ரோவில் எதிரே இருக்கிற வெள்ளைக்காரர்களின் புருவத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருவர் முறைத்தார்.

விசாரணையன்று காலை என் புருசனைக் கதிரையில் இருத்தினேன். புருவப் பென்சிலை எடுத்து, தழும்பின்மேல் ஒவ்வொரு மயிராகக் கீறி, பவுடர் போட்டு மறைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஷெல் பட்ட காயம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமானது.

மொந்த்ரேயில் என்னைப் பின்வரிசையில் இருக்கவிட்டார்கள். நீதிபதி கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். வலப்புருவத்தில் தழும்பு இருப்பதாக டொக்டரின் சான்றிதழ் சொல்கிறது, தன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையே என்றார்.

அந்தத் தழும்புதான் எங்கள் கேஸுக்கே அத்தாட்சி. அதை நானே என் கையால் அழித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். எங்களுக்காக வாதாட வந்த அவொக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பயம் வந்தால் மூளை வேலை செய்யாது என்பதற்கு நானே சாட்சி.

என் புருசன் பதறவில்லை. பெருவிரலை நாக்கில் தொட்டு, புருவத்தைத் துடைத்தார்.

"என்ரை மனுசி பியூட்டி பார்லரிலை வேலை. கோட்டுக்கு வடிவாப் போகோணுமெண்டு பூசிவிட்டவ," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க, நீதிபதியின் வாயோரம் சிரிப்பு வந்தது. காயம் எப்படி வந்தது என்று கேட்டார். ஷெல் என்றார் இவர். கையில் ஒட்டுப்போட வைத்திருந்த ரியூப், சொலூஷன் மணம், கூரைத் தகரம் பறந்த சத்தம், எல்லாம் சொன்னார். எனக்கே அந்தக் கடை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு இடத்திலும் அவருடைய குரல் தடுமாறவில்லை. இப்படியும் ஒரு மனிதரால் பொய் சொல்ல முடியுமா என்று நினைத்தேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்போதைக்கு எனக்கு வேண்டியது வதிவிடக் கார்ட்.

கார்ட் கிடைத்தது, பத்து வருடத்துக்கு. கோயிலில் தேங்காய் உடைத்தோம். அந்த ஞாயிறு தம்பி எடுத்தபோது அவரே போனை என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, உந்த ஸ்கோப்பைக் குடுத்திட்டு வேறை வாங்கும். பெரிசாக் காட்டுறது நல்லதெண்டில்லை. பக்கத்தாலை என்ன வருதெண்டு தெரியாமல் போயிடும். குறைச்சுக் காட்டட்டும், ஆனா பொழுதுபடேக்கையும் துலக்கமாத் தெரியோணும். வெயில் பட்டு மினுங்காமல் முன்னுக்கு ஒரு மூடி போடும்."

கட்டிவைத்திருந்த நாக்கை அவிழ்த்துவிட்டதுபோல் பேசினார். அவர் இவ்வளவு சந்தோசமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அடுப்படியில் கறியைத் துழாவிக்கொண்டே, போகட்டும், இனி என்ன பயம் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தான், அதுகள் ரெண்டு மூண்டாத்தான் வரும்," என்றான் தம்பி. "ஒண்டைச் சுட்டா மற்றதுகள் ஓடிடும். அதுக்கு என்ன செய்யிறது?"

"முதல் வாறதைக் கொல்லாதேயும். காலிலை அடியும். அதைத் தூக்கிக்கொண்டு போக மற்றது வரும். அப்ப அதை அடிக்கலாம்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், கொயோட்டி தூக்க வராது. ஆக்கள்தான் அப்பிடி வருவினம்."

இவர் சிரிக்கவில்லை. ஓம் ஓம் என்றார். போனை மேசையில் வைத்துவிட்டு, எனக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தார். நான் கேளாதவள்போல், உப்புப் பார்க்கச் சொல்லி அகப்பையை நீட்டினேன். அவர் உள்ளங்கையை ஏந்தினார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் குழம்பு அவருடைய மணிக்கட்டில் வழிந்தது. அவரை அனுப்பிவிடுவார்களோ என்று இவ்வளவு காலமும் செத்துப் பிழைத்த நான், இனி அவரை யாரும் அனுப்பமாட்டார்கள் என்று நினைத்துப் பயந்தேன்.