விகில் சொன்ன இரண்டு சாண் பனி

புர்கி யாரென்று எங்கள் பள்ளத்தாக்கில் கேட்டால் முதலில் அவள் ஓட்டும் பேருந்தைத்தான் சொல்வார்கள். முப்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலும் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு, மறு கையில் புகை போட்ட பன்றி இறைச்சியைக் கடித்துக்கொண்டிருப்பாள். எதிரே எவனாவது காரை நிறுத்தித் திகைத்தால், "பின்னாடி போய்யா! ரோட்டை என்ன உங்கப்பனா போட்டான்?" என்று கத்துவாள். ஐம்பத்திரண்டு வயது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "நாள் முழுக்க நாப்பது பேரை ஏத்தி இறக்குறேன், வீட்டுலயும் ஒருத்தனை ஏத்தணுமா?" என்பாள்.

ஜூன் பிறந்து, ஊரே பனிச்சறுக்குப் பலகைகளை நிலவறையில் போட்டுவிட்டு மாடுகளை மேலே ஓட்டும்போதுதான் அவளுக்குக் கால் அரிக்கும். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியாற்றின் ஓரத்தில் நான் நடத்தும் விடுதிக்கு ஏறி வருவாள். நான் செராஃபின். பள்ளியில் அவளும் நானும் ஒரே பெஞ்சு.

என் விடுதிக்கு நேர் எதிரே வடக்குச் சரிவு, ஏணி சாத்தியது போல நிற்கும், அடியில் முழுக்க ஐஸ். குளிர்காலப் பனி அதில் ஒட்டாது, காற்று துடைத்துவிடும். மே மாதத்து ஈரப்பனிதான் அந்த ஐஸின் மேல் அப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் தாங்கும். பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை. பலகையைத் தாங்கும் இரண்டு சாண் ஆழமா, உரிந்து விழும் இரண்டு விரல் கனம்தானா என்று பனிக்கோடாரியின் காம்பைக் குத்திப் பார்த்தால்தான் தெரியும். அதனால் எந்தச் சரிவில் சறுக்கி இறங்கப் போகிறோமோ அதே சரிவில் ஏறிப் பார்ப்பதுதான் முறை. முந்தின நாள் நம்பிக்கையான ஆள் யாராவது இறங்கியிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

புர்கிக்கு அந்த ஆள் விகில். அறுபத்து மூன்று வயதுத் தச்சன். இருபத்திரண்டு வருடம் சேர்ந்தே இறங்கியவர்கள். "எவ்வளவு?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர் அளவைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சே இருக்காது.

அந்த வருடம் அவளுக்கு விடுப்பு தள்ளிப்போனது, விகில் ஒரு நாள் முந்திக்கொண்டான். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் பாதியை அழகாக இறங்கினான். நடுவில் இரண்டு பாறைகளுக்கிடையே சரிவு குறுகும் இடத்தில் நின்று, காம்பைக் குத்திப் பார்த்துவிட்டுப் பலகைகளைக் கழற்றினான். ஐஸில் துளை போட்டு, கயிற்றைத் தாங்க ஒரு சிவப்பு நாடாவைக் கோத்தான். கயிற்றில் தொங்கியபடி அறுபது மீட்டர் வந்து, பிறகுதான் மறுபடி பலகையில் ஏறினான். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான்.

சாயங்காலம் விடுதியில் நாலு இளவட்டங்கள் அவனைச் சூழ்ந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முழுசும் பலகையிலேயா இறங்குனீங்க?"

"பின்ன, பறந்தா வந்தேன்?"

அப்போதுதான் புர்கி உள்ளே வந்து பையை இறக்கினாள். "எவ்வளவு?"

விகில் அந்தப் பையன்களை ஒருமுறை பார்த்தான். "ரெண்டு சாண். மேலேருந்து கீழ வரைக்கும்."

பச்சைப் பொய். கையில் சூப்புப் பாத்திரத்தோடு நான் பக்கத்திலேயே நின்றேன். ஊற்றினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. பையன்கள் போனதும் அவனே தனியாகச் சொல்லிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருட சிநேகம், நடுவில் நான் எதற்கு?

விடியும் முன் அவளுக்குத் தேநீர் வைத்தேன். "கீழேருந்து ஏறலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பின்பக்கம் முகடு வழியாப் போனா ரெண்டு மணி நேரம் மிச்சம். அதான் விகில் சொல்லிட்டானே."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "தேன் போடட்டுமா?" என்று கேட்டேன். என் வாயில் இடி விழ!

ஏழு மணிக்கு விகில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "புர்கி எங்க?"

"முகடு வழியாப் போயிட்டா."

அவன் முகம் செத்துப்போனது. "கீழேருந்து ஏறுவா, அவளே பாத்துப்பான்னு நெனச்சேன்டா!" தொலைநோக்கியிடம் ஓடினான்.

அவள் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தாள். குறுகலுக்கு வந்து ஒரு திருப்பம் போட்டாள். காலடிப் பனி பாய் போல அப்படியே உரிந்து விழுந்தது, கீழே சாம்பல் நிற ஐஸ். ஒரு பலகை கழன்று உருண்டு பனிப்பிளவுக்குள் போனது. அவள் கோடாரியை ஐஸில் அறைந்து அதில் தொங்கினாள். கத்தினாலும் கேட்காத தூரம். விகில் அழுதான். 

அரை மணி நேரம் ஒற்றைக் கோடாரியில், அடி அடியாக அவள் பக்கவாட்டில் நகர்ந்தாள். அங்கே ஐஸில் விகிலின் சிவப்பு நாடா தெரிந்தது. தன் பையிலிருந்த கயிற்றை அதில் மாட்டிக்கொண்டுதான் இறங்கினாள்.

பதினொன்றரைக்கு விடுதி வாசலில் வந்து நின்றாள். விரல் முட்டியெல்லாம் ரத்தம். நேராக விகிலிடம் போய் ஓங்கி ஓர் அறை விட்டாள். "உன் நாடாதான்டா என்னைக் காப்பாத்துச்சு, நீ இல்ல." அவன் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் தொலைநோக்கியைப் பார்த்தாள். குனிந்து அதில் கண்ணை வைத்தாள். குறுகல் தெளிவாகத் தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நேத்து பாத்தியா?"

"பாத்தேன்."

"அவன் பசங்க முன்னாடி வெக்கப்பட்டுப் பொய் சொன்னான். நீ ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"அவன் மனசு நோகுமேன்னு..."

"அவன் மனசு நோகும்னு என்னைச் சாகவா அனுப்பின?"

 அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஜூனிலேயே விகிலோடு மறுபடி வந்தாள். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டுதான் வந்தாள், ஆனால் வந்தாள். என் விடுதிக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து பனியாற்றில் கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள். பொய் சொன்னவன் ஓர் அறையோடு தப்பித்தான். எனக்கு அந்த அறைகூடக் கிடைக்கவில்லை.