ரூத்தின் ஆறு வருஷம்

ஜெயப்பிரியா என்பது ஒரு பஸ்ஸின் பெயர். மதுராந்தகத்திலிருந்து கிளம்பி, கை காட்டின இடத்திலெல்லாம் நின்று போகும் தனியார் பஸ். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதக் காலையில் ஞானதாஸ் தன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, அது பள்ளிக்கூட வாசலில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

பெண்ணின் பெயர் ரூத் என்றதும் தலைமையாசிரியர் பேனாவை மூடிவிட்டார்.

"இன்னாயா, வெவரம் தெரியாதவனா கீறியே? ரூத்துனு எழுதுனா கிறிஸ்டீனு ஆயிடும். எஸ்.சி. சர்ட்டிபிகேட் தரமாட்டான். ஸ்காலர்ஷிப்புல ஆரம்பிச்சு நாளைக்கு வேல வரைக்கும் எல்லாம் போச்சு. வேற பேர் சொல்லு."

நின்ற நிலையில் வேறு பெயருக்கு எங்கே போவது? ஞானதாஸ் ஜன்னல் வழியே பார்த்தார். பஸ்ஸின் நெற்றியில் சிவப்பும் மஞ்சளுமாக இருந்ததைப் படித்துச் சொன்னார். ரூத் அன்றைக்கு ஜெயப்பிரியா ஆனாள். மறுவருஷம் தம்பி ஜெபக்குமாரைச் சேர்க்கும்போது அப்பா வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போனார். அவன் ஏட்டில் பூபாலன்.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். அதை எழுதினவர்கள் ஞானதாஸின் காலனியில் வந்து இரண்டு நாள் தங்கியிருக்கலாம். எது போயிற்று, எது போகவில்லை என்று டீக்கடையிலேயே தெரிந்திருக்கும்.

ரூத் வளர்ந்து, ஆங்கிலம் படித்து, பி.எட். முடித்து, மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். திங்கள் முதல் சனி வரை ஜெயப்பிரியா மிஸ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்ததும் அதே சபைக் கூடத்தில் ரூத் டீச்சர். கடற்கரையில் சிப்பி மாலையும் பாசிமணியும் விற்கிற பெண்கள் பதினைந்து இருபது பேர் வருவார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பாள். சம்பளம் கிடையாது. ஆறு வருஷமாக ஒரு வாரம்கூட விட்டதில்லை, அம்மா மார்கரெட் செத்த வாரம் தவிர.

அவள் பாடம் நடத்துகிற விதமே தனி. ஒருத்தி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரியாக வருவாள். மற்றவள் மாலையை விற்க வேண்டும். வேண்டா என்று பெயர் கொண்ட நடுவயதுக்காரி வெள்ளைக்காரியாக வந்தால் கூடம் அதிரும். எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கி "டூ மச், டூ மச்" என்று தள்ளிவிட்டு நடப்பாள். அவளை மடக்கி ஒரு மாலையாவது விற்றுவிட்டால் அந்த வாரப் பாடம் தேறியது என்று கணக்கு.

போன வருஷம், கலாச்சாரப் பரிமாற்றத்துக்கென்று ஓர் அமைப்பு ஆசிரியர்களுக்கு நல்கை கொடுப்பதைப் பார்த்து ரூத் விண்ணப்பம் போட்டாள். வியட்நாமில் ஒரு கடலோர ஊரில் பத்து மாதம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். விமான டிக்கெட், தங்க இடம், மாத உதவித்தொகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ரூத் அதுவரை ஏர்போர்ட்டுக்குள் காலே வைத்ததில்லை. முட்டுக்காட்டுப் படகில் ஏறியதுதான் அவள் செய்த கடல் பயணம், அதுவும் கழிமுகத்தில்.

வீடியோவில் நேர்காணல் செய்த லின் என்ற அதிகாரி, வேண்டாவின் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்களுக்கு வேண்டியது இந்த வகுப்புதான் என்றாள். பத்து நாளில் தேர்வுக் கடிதம் வந்தது. ரூத் அதைப் பள்ளிக்கூடக் கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டு நாலு தடவை படித்தாள்.

கோளாறு அதற்கப்புறம்தான் வந்தது. பள்ளிக்கு வெளியே செய்த சேவைக்கு ஒரு சான்றுக் கடிதம் கேட்டிருந்தார்கள். பாஸ்டர் தேவசகாயம் பாசத்தோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார், "எங்கள் சகோதரி ரூத்" என்று ஆரம்பித்து. அவளும் சபைக் கூடத்திலேயே போனில் படமெடுத்து அப்போதே அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் ரூத். அந்தக் கடிதத்தில் தப்பு இருப்பதாக அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டும் பட்டமும் மற்ற எல்லாத் தாளும் ஜெயப்பிரியா என்று சொல்ல, அந்த ஒன்று மட்டும் ரூத் என்றது.

லின் போன் செய்தாள். குரலில் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரிலும் வீட்டுப் பெயர் வேறாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்றாள். இரண்டும் ஒரே ஆள் என்று அப்பாவும் நீங்களும் கையெழுத்திட்ட ஒரு நோட்டரி அபிடவிட், கூடவே ரூத் என்ற பெயர் உள்ள ஏதாவது ஒரு பழைய பதிவு. பத்து நாளில் அனுப்புங்கள், போதும்.

செங்கல்பட்டு கோர்ட் வாசலில் பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பெயர் உள்ள பழைய பதிவு உலகத்திலேயே ஒன்றுதான், சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி ஜெபக்குமார் இருக்கிறான், அதன் நகல் கோர்ட் வாசலில் யார் யார் கண்ணில் படுமோ. அவனோ நாலாவது தடவை எழுதி இப்போதுதான் எஸ்.சி. ஒதுக்கீட்டில் குரூப் ஃபோரில் தேறியிருக்கிறான். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு. அடுத்த தெரு பெஞ்சமினுக்கு வந்த அரசாங்க வேலை அவன் கிறிஸ்தவன் என்ற ஒரே ஒரு மொட்டைக் கடுதாசியில் போனதைக் காலனியே பார்த்தது.

"நீ போக்கா," என்றான் ஜெபக்குமார். "எனுக்கு இன்னா, ஏதாவது கம்பெனியில சேந்துக்குவேன்." சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மறைமலைநகர் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஞானதாஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்: "கையெழுத்து நான்தானம்மா போடணும்? நீ போடுன்னா போட்டுர்றேன்."

போடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ரூத்துக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. தம்பி மேலும் வந்தது. யார் மேல் காட்டினாலும் அது நியாயமாகாது என்றும் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

பாஸ்டரிடம் ஓடினாள். கடிதத்தை ஜெயப்பிரியா பெயரில் மாற்றித் தரச் சொன்னாள்.

"அதே கடுதாசிய பேர மட்டும் மாத்திக் குடுத்தா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்களேம்மா. அப்புறம் நான் பொய் சொன்னேன்னு ஆவும், நீயும் சொன்னேன்னு ஆவும்," என்றார் தேவசகாயம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் சர்ட்டிபிகேட்ல இன்னா பேர் கீதுன்னு என் பொண்ணுக்கே தெரியாதும்மா."

ஒன்பதாம் நாள் ரூத் ஒரு காரியம் செய்தாள். அந்தக் கடிதம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, ரூத் என்பவர் வேறொரு ஆசிரியை, நான் அவ்வப்போது அவருக்கு உதவுவேன், என் பள்ளிச் சான்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள் என்று எழுதினாள். ஒருவேளை அதை வைத்தே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினாள். முங்குகிறவள் எதைத்தான் பிடிக்கமாட்டாள்!

பதில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் பெண்கள் உட்கார்ந்தாயிற்று. வேண்டா கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரூத் வாசல் பக்கம் போய் நின்று படித்தாள்.

லின் மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். உங்களைத் தேர்ந்தெடுத்ததே அந்த வகுப்புக்காகத்தான். இன்னொருவருடைய ஆறு வருஷ உழைப்பை நேர்காணலில் உங்களுடையதாகச் சொன்னது வருத்தமாக இருக்கிறது. தேர்வை ரத்து செய்கிறோம். இனி நீங்கள் விண்ணப்பிக்க இயலாது. கடைசியில் ஒரு வரி: 'அந்த ரூத் அபூர்வமான ஆசிரியை என்று தெரிகிறது. அடுத்த வருஷம் அவரை விண்ணப்பிக்கச் சொல்வீர்களா? அவருடைய போன் நம்பர் தந்தால் நானே பேசுகிறேன்.'

ரூத் போனில் பதில் எழுதும் பெட்டியைத் திறந்தாள். அந்த ரூத்துக்குத் தனியாக ஒரு நம்பர்கூடக் கிடையாது. பெட்டியை மூடினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், மறுபடியும் நனைந்தது, மறுபடியும் துடைத்தாள்.

"ரூத் டீச்சர்! இன்னா அங்கியே நின்னுகினு கீறீங்க? டிக்கெட்டு வந்துச்சா?" உள்ளேயிருந்து வேண்டா கத்தினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"வரேங்க்கா," என்றாள் ரூத். உள்ளே போய், மாலை விற்கிறவளாகத் தானே நின்றுகொண்டாள். எவ்வளவோ கெஞ்சியும் வேண்டா அன்றைக்கு ஒன்றுகூட வாங்கவில்லை.