குளிசைப் பெட்டிக்குள் இருந்த தாள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எந்த வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். கெட்ட செய்தி வந்தால் அந்த வரியைத் தாண்டிவிடுவேன். அதை என் கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் கனடாவிலிருந்து மச்சான் ஒருவர் வந்தார். அவருடைய புயங்களைப் பார்த்ததிலிருந்து அண்ணைக்கு வேறு நினைப்பில்லை. பால்மா வந்த வெறும் தகர ரின்களில் சீமெந்து நிரப்பி, இரும்புக் கம்பியில் கோத்து, மீன்பிடித்துக் கடலால் வந்த கையோடு தூக்குவார். யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த ஆணழகன் போட்டியில் மேடையேற ஆசை. மச்சான் போகும்போது, விழுங்கினால் உடம்பு ஏறும் என்று சில பெட்டி குளிசைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது.

“தங்கச்சி, சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ எண்டு பார்த்துச் சொல்லு.”

“பின்னம்.”

“வேறை என்ன கிடக்கு?”

ஈரல், இதயம் என்ற சொற்கள் கண்ணில் பட்டன. அண்ணையின் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

“வேறை ஒண்டுமில்லை.”

இரண்டு மாதத்தில் தோள்கள் அகன்றன. “இவன் ஏறினா வள்ளம் தாழப்போகுது!” என்று அம்மா பெருமையாகச் சிரித்தார். பிறகு முதுகெல்லாம் பரு. சின்னச் சொல்லுக்கும் கோபம். வலை இழுக்கையில் மூச்சு வாங்கியது. ஒருநாள் காலை அவருடைய கண்கள் மஞ்சளாக இருந்தன.

செங்கண்மாரி என்று அம்மா கீழ்க்காய்நெல்லி தேடப் போனார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“இது ஆண் ஹோர்மோன் மருந்து, தம்பி,” என்றார் டொக்டர். “ஈரல் பழுதாகத் தொடங்கியிட்டுது. ரத்தப் பிறசரும் கூடிக் கிடக்கு. இன்னும் போட்டிருந்தீரெண்டா இதயமும் தாங்காது. தாளில எல்லாம் எழுதிக் கிடக்கே, ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?”

நான் வாய் திறக்கமுன் அண்ணை முந்திக்கொண்டார். “நான்தான் வாசிக்க விடேல்லை, டொக்டர்.”

வெளியே வந்ததும் அழுதேன்.

“அழாதை. நீ ஒரு வரியைத் தாண்டினதைக் கண்டனான். எனக்கும் கேக்க விருப்பமில்லை. இப்ப முழுக்க வாசி.”

ஆஸ்பத்திரி வாங்கிலேயே பக்கத்தில் அமர்ந்து ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

குளிசையை அன்றே விட்டார். போட்டிக்குப் போகவில்லை. கண்கள் வெளுக்கப் பல வாரங்கள் சென்றன. அந்தக் கண்கள் நான் தொலைக்கப் பார்த்து, எனக்குத் திரும்பக் கிடைத்தவை. அவர் பள்ளிக்கூடம் போகாமல் கடலுக்குப் போனதால்தான் நான் வகுப்பறையில் இருந்தேன். எப்படி வாசிக்க வேண்டும் என்பதும் அவரால்தான் எனக்கு வந்தது.

சீமெந்து ரின்களை இப்போதும் தூக்குகிறார். தலையிடிக்கு ஒரு குளிசை வாங்கினாலும் தாளை என்னிடம் நீட்டுவார்.

“முழுக்க, என்ன?”

“ஓம் அண்ணை, முழுக்க.”